யாரும் பார்க்காத முதல் துடிப்பு

அந்தத் தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதித்தவள் இல்லை அவள். வைத்தியம் பார்த்ததெல்லாம் மண்டையைப் போட்ட ஹார்ட் டிஸ்குகளுக்கு. ஒருமுறை புதிதாகக் குடிவந்த ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்து உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்தே விட்டார். "அண்ணே, பல்லுல டேட்டா ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று கேட்டு, சரியான டாக்டரிடம் அவரை அனுப்பிவைத்தது நாத்தனார்.

நாத்தனார் என்றால் டாக்டரம்மா புருஷனின் தங்கை. கடையின் முன்னறை அவளுடைய ராஜ்ஜியம். போன், ரசீது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர், கோபப்படுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கோபம், எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்த அறையில் டாக்டரம்மா வேலை செய்வாள். அங்கே தூசியை வடிகட்டிய காற்று சதா வீசிக்கொண்டிருக்கும் ஒரு மேடை, சுவரெல்லாம் அடுக்கிய பழைய டிஸ்குகள், இரண்டு கம்ப்யூட்டர். செருப்பு, சீப்பு, பிஸ்கட் மூன்றும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. மூன்றாவதால்தான் நாத்தனாருக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு முற்பகலில் அந்த மனிதர் வந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிமேல் இன்னொரு கண்ணாடி. கடைவீதிக் கோடியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கையிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் கிடந்தது.

"இது ஏன் வேர்க்குது?" என்றாள் நாத்தனார்.

"டக் டக்னு சத்தம் வந்துச்சும்மா. கம்ப்யூட்டர்ல தெரியவே மாட்டேங்குது. ஃப்ரீசர்ல வெச்சா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு."

"வெச்சீங்களா?"

"ராத்திரி பூரா வெச்சேன். ஐஸ் டிரேக்குப் பக்கத்துல."

"நல்லவேளை, கறிக்குப் பக்கத்துல வெக்கல. எடுத்துக் குழம்பு வெச்சிருப்பாங்க."

சிரிப்புச் சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தாள். பையைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்தால் உள்ளே பனி பூக்கும், ஈரத்தோடு சுழலவிட்டால் கதை முடிந்தது. "எடுத்ததுக்கப்புறம் கரண்ட் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டாள். "இதுல ஒண்ணே ஒண்ணுதான் திரும்பக் கிடைக்கும்னா, எது வேணும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குக் கல்யாணப் படம் என்பார்கள், குழந்தை படம் என்பார்கள், வரிக் கணக்கு என்பார்கள். கண்ணாடிக்காரர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"மீன் முட்டை."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள்.

அவர் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். கடையின் பின்னறையில் மீன் வளர்க்கிறார். விரல் நகம் நீளத்துக்குக் கோடு போட்ட சின்ன மீன்கள். அவற்றின் முட்டைகள் கடுகைவிடச் சிறியவை, கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். லென்ஸோடு புழங்குகிறவர் சும்மா இருப்பாரா, ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பை வாங்கிச் சரிசெய்து பார்க்கத் தொடங்கினார். காலையில் போட்ட முட்டை மறுநாள் மீன் வடிவத்துக்கு வந்திருக்கும், உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருக்கும்.

"துடிச்சிக்கிட்டு இருக்கறதை எத்தனையோ வாட்டி பாத்துட்டேன். துடிக்காம இருக்கறதையும் பாத்துட்டேன். நடுவுல எப்பவோ ஆரம்பிக்குதுல்ல? முதல் துடிப்புன்னு ஒண்ணு இருந்தே ஆகணும்ல? அதைப் பாக்கணும்னு ஒரு வெறி புடிச்சிடுச்சு."

பார்க்க முடியவில்லை. கண்ணை வைத்துக் காத்திருப்பார். முட்டைக்குள் குஞ்சு உருண்டு முதுகைக் காட்டிவிடும். கரண்ட் போகும். கடையில் யாராவது பிரேம் உடைந்ததென்று வந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு கேமராவை மைக்ரோஸ்கோப்பில் மாட்டி, நாளெல்லாம் படம் பிடித்து நேராக இந்த டிஸ்கிலேயே சேமிக்கும்படி ஏற்பாடு செய்தார். அப்படியும் முட்டைக்கு மேல் முட்டையாக வீணாயிற்று. போன மாதம் ஒரு குஞ்சு, சொல்லிவைத்ததுபோல நெஞ்சுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் படுத்தது. மதியம் எட்டிப்பார்த்தபோது இதயம் இன்னும் துடிக்கவில்லை. முன்னால் போய் ஒரு பெரியவருக்குக் கண் அளவு பார்த்துவிட்டு வந்தார். துடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ரெக்கார்ட் ஆகியிருக்கு" என்றாள் டாக்டரம்மா.

"ஆகியிருக்கு. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு நிதானமாப் பாக்கலாம்னு இருந்தேன். போட்டா டக் டக்குங்குது."

"அப்ப நீங்களே அதைப் பாக்கலையா?"

"நான் எங்கம்மா பாத்தேன்? யாருமே பாக்கல. நடந்தது நடந்துடுச்சு. அதோட சாட்சி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு."

டாக்டரம்மா எத்தனையோ டிஸ்குகளைத் திறந்திருக்கிறாள். அவற்றில் இருந்ததெல்லாம் யாரோ ஏற்கெனவே பார்த்து, சிரித்து, மறந்து, தொலைந்தபிறகு தேடியவை. ஒருவர் கண்ணிலும் படாத ஒன்றைத் தேடி இதுவரை யாரும் அவளிடம் வந்ததில்லை. ரசீது எழுதும்போது தன் கை கொஞ்சம் வேகமாக ஓடுவதைக் கவனித்தாள்.

ஈரம் முழுக்க வற்றும்வரை டிஸ்கை உலர்பெட்டியில் வைத்திருந்தாள். அதற்கப்புறம்தான் மேடையில் வைத்து மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

உள்ளே இரண்டு தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்று. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மேல் கீழ் என்று நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு ஹெட், அதாவது எழுதிப் படிக்கிற மூக்கு. தட்டு சுழலும்போது எழும் காற்றில் அந்த மூக்கு மிதக்கும். தட்டுக்கும் அதற்கும் இடையில் இருக்கிற சந்தில் புகையின் ஒரு துகளைக் கொண்டுவந்து வைத்தால் அது மலை மாதிரி குறுக்கே நிற்கும். தொட்டால் கீறும், விலகினால் படிக்காது. இத்தனை வருஷமாக இதே வேலைதான், ஆனாலும் மூடியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு, இது நடக்கவே கூடாத காரியமாயிற்றே, எப்படி நடக்கிறது என்று தோன்றும். கோயிலுக்குள் நுழைகிறவள்போல ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் கருவியை எடுப்பாள்.

ஹெட் ஒன்று வளைந்திருந்தது. கீழ்த்தட்டின் அடிப்பக்கத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், முடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தது. அந்தப் பக்கம்தான் ஆபத்தான பக்கம். அவள் தன் சுவரிலிருந்து அதே ரகத்துப் பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து, அதன் ஹெட்டுகளை மொத்தமாகக் கழற்றி இதற்கு மாற்றினாள். இதய மாற்று அறுவை என்று நாத்தனார் வாடிக்கையாளர்களிடம் கதைவிடுவது இதைத்தான். மாற்றும்போது டாக்டரம்மா மூச்சுக்கூட ஓரமாகத்தான் விடுவாள்.

கரண்ட் கொடுத்தாள். தட்டு சுழல ஆரம்பித்தது. மெல்லிய இரைச்சல் ஏறி ஏறி ஒரு சுருதியில் நின்றது. டக் டக் இல்லை.

"அண்ணி?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு வந்துடுச்சு" என்றாள் டாக்டரம்மா.

முதலில் நல்ல பக்கங்கள் மூன்றையும் படித்து வேறொரு டிஸ்குக்கு மாற்றினாள். கீறல் விழுந்த பக்கத்தைத் தொடவே இல்லை. அதன் ஹெட் எந்த நேரத்திலும் போய்விடலாம், போனால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கலாம். இந்த வேலை சில நாள் ஓடியது. திரையில் சின்னச்சின்னக் கட்டங்கள் பச்சையாகிக்கொண்டே போயின. நான்காவது பக்கத்துக் கட்டங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் காத்திருந்தன.

ஒரு ஃபைலை எழுதும்போது டிஸ்க் அதை ஒரே இடத்தில் வைப்பதில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நாலு பக்கத்துக்கும் மாற்றி மாற்றிப் பரப்பிவைக்கும். ஆகவே கண்ணாடிக்காரரின் படத்தை ஓட்டிப்பார்த்தபோது அது நடுநடுவே ஓட்டை விழுந்த படமாக இருந்தது. மஞ்சள் கரு உருண்டையைக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிற ஒரு கண்ணாடிக் குஞ்சு. தலைக்குக் கீழே ஒரு சின்னக் குழல். அதுதான் இதயமாகப் போகிறது என்று அவர் படம் வரைந்து காட்டியிருந்தார். குழல் அசையவில்லை. படம் ஓடுகிறது, ஓடுகிறது, குழல் அசையவே இல்லை. திரை சாம்பலாகிறது. சாம்பல் விலகும்போது குழல் துடித்துக்கொண்டிருக்கிறது.

மற்ற ஓட்டைகள் எல்லாம் ஒன்றும் நடக்காத நேரங்களில் இருந்தன. இந்த ஓட்டை மட்டும் சரியாக அந்த இடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.

அவரை வரச்சொன்னாள். பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டினாள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"மறுபடியும் தப்பிச்சிடுச்சு" என்றார். "நான் பெரியவருக்குக் கண் பாக்கப் போன மாதிரி, இதுவும் அந்த நேரம் பாத்து எந்திரிச்சுப் போயிருக்கு."

"போகல. நாலாவது பக்கத்துல இருக்கு. படிக்கலாம். ஆனா அந்த ஹெட் ரொம்ப நாள் தாங்காது. பக்கம் முழுக்கப் படிக்கவிட்டா பாதியில செத்துடும். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் நேராப் போறதா இருந்தா ஒரு வாய்ப்பு உண்டு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அந்தப் பக்கத்துல உங்க மத்த ஃபைலும் இருக்கு, அதையெல்லாம் விட்டுடணும். கல்யாண வீடியோன்னு ஒண்ணு பாத்தேன். அதுக்கு வேற காப்பி இருக்கா?"

"இல்லையே."

"அப்ப வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நாளைக்கு என்னைச் சொல்லக் கூடாது."

அவர் அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரைப் போடாமலே அவர் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டு "கல்யாணத்துக்கு நான்தான் நேர்ல வந்திருந்தேனே, அது எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க மீனைப் பாருங்க" என்றது குரல். நாத்தனார் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினாள்.

டாக்டரம்மா அந்த ஓட்டையின் இருப்பிடத்தைக் கணக்குப் போட்டு எடுத்தாள். கீறல் அதன் தொடக்கத்துக்கு வெகு அருகில் இருந்தது. முன்னாலிருந்து படித்தால் முதல் அடியிலேயே கீறலில் விழவேண்டும். ஆகவே பின்னாலிருந்து படிக்க முடிவு செய்தாள். கடைசிக் கட்டத்தை முதலில், அதற்கு முந்தியதை அடுத்து என்று தலைகீழாக, மெதுவாக.

"துடிக்கிற இடத்துலேருந்து துடிக்காத இடத்தைப் பாத்துப் போறோம்" என்றாள்.

"நான் இவ்ளோ நாளா முன்னாலேருந்து காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "ஒருவேளை அதான் தப்போ."

ஆரம்பித்தாள். வலக்கோடியிலிருந்து பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஹெட் தடுமாறும்போதெல்லாம் சுருதி கொஞ்சம் இறங்கும். உடனே அதை விலக்கி ஓய்வு கொடுப்பாள். பெட்டியின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறமாதிரி. மறுபடி இறக்குவாள். இரண்டு கட்டம் பச்சை. ஒரு கட்டம் சிவப்பு. மறுபடி அதே கட்டத்தைக் கேட்பாள், இன்னொரு தடவை கேட்பாள், நான்காவது தடவை கொடுக்கும். முன்னறையில் யாரோ கதவைத் தட்டினார்கள். "டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று நாத்தனார் அனுப்பிவிட்டாள். அப்புறம் விதியை மீறி, செருப்பை மட்டும் கழற்றிப்போட்டுவிட்டு, உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள்.

இடக்கோடியை நெருங்கும்போது டக் என்றது. ஒருமுறை. மறுபடி டக் டக். டாக்டரம்மா கரண்டை வெட்டினாள்.

தட்டு சுழற்சி குறைந்து குறைந்து நின்றது.

"போயிடுச்சா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஹெட் போயிடுச்சு. இனிமே இந்தப் பக்கம் படிக்காது." திரையைக் காட்டினாள். பச்சை வரிசையின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு மிச்சம் இருந்தது. "அது மட்டும் கிடைக்கல. முதல் துடிப்பு அந்தத் துண்டுக்குள்ள இருந்தா, இல்ல. அதுக்கு அப்புறம் இருந்தா, இருக்கு. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கிடைத்ததையெல்லாம் அவள் கோத்துச் சேர்த்தாள். கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெற்றியில் இருந்ததை மூக்குக்கு இறக்கினார்.

படம் ஓடியது. குஞ்சு படுத்திருந்தது, குழல் அசையவில்லை. திரை சாம்பலாயிற்று. அந்தச் சாம்பல் நேரம் மிகக் கொஞ்சம்தான். ஆனால் மூவருக்கும் அது முடிவதாகவே இல்லை.

சாம்பல் விலகியது.

"துடிக்கல" என்றார் அவர் கிசுகிசுப்பாக. "துடிக்கல! இன்னும் துடிக்கலம்மா!"

ஒரு இதயம் துடிக்கவில்லை என்று ஒரு மனிதர் இத்தனை சந்தோஷப்பட்டு டாக்டரம்மா பார்த்ததில்லை. தன் உதட்டிலும் சிரிப்பு இருந்ததை அவள் அப்புறம்தான் உணர்ந்தாள்.

காத்திருந்தார்கள். குஞ்சின் வால் ஒருமுறை உதறியது. நாத்தனார் "ஆங்" என்றாள். "அது வாலும்மா, அது சும்மா" என்றார் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடி அசைவில்லை. கண்ணாடிக்குள் கண்ணாடியாக அந்தக் குழல் இருந்தது. அதற்குள் ஒன்றும் ஓடவில்லை. யாரும் அதைத் தொடவில்லை, யாரும் அதற்கு எதுவும் சொல்லவில்லை.

துடித்தது.

ஓர் ஓரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும், முனகும், அரைகுறையாக நடுங்கும் என்றெல்லாம் டாக்டரம்மா எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதுவும் இல்லை. இருட்டறையில் சுவிட்சைத் தட்டியதுபோல, குழல் முழுக்க ஒரே நேரத்தில் ஒருமுறை சுருங்கி விரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

நின்றேவிட்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது, இதயம் ஓடவில்லை. டாக்டரம்மாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. அந்த ஒன்று தவறிப்போய் வந்ததோ, இன்னொன்று வராதோ என்று ஒரு பயம் வந்தது. இது போன மாதமே நடந்து முடிந்த விஷயம், அப்புறம் அது துடித்தது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் பயம் வந்தது.

"நின்னுடுச்சா?" என்றாள் நாத்தனார்.

இரண்டாவது துடிப்பு வந்தது. மறுபடி இடைவெளி, முன்னதைவிடக் குறைவு. மூன்றாவது. நான்காவது தயங்கி வந்தது. அப்புறம் வந்தவை வழியைக் கண்டுகொண்டதுபோல வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, இனி நிறுத்துவதாக உத்தேசமே இல்லாத மாதிரி.

படம் அதன்பாட்டுக்கு ஓட, மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். நாத்தனார் தன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து, தவறான கண்ணாடிக்குப் பின்னால் தேங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. டாக்டரம்மா, இது ஆரம்பித்த அந்த மதியத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். ஏதாவது திருகாணியைத் தேடிக்கொண்டிருந்திருப்பாள். யாருக்கும் தெரியாமல், யாரையும் எதிர்பாராமல், கடைவீதியில் ஒரு பின்னறையில், கடுகைவிடச் சின்ன முட்டைக்குள் இது நடந்திருக்கிறது.

"யாரும்மா அதுக்குச் சொன்னது?" என்றார் அவர் கடைசியில். "ஆரம்பின்னு யார் சொன்னது?"

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். போட்டாள். சாயங்காலம் வரைக்கும் போட்டாள்.

படத்தை இரண்டு புது டிஸ்குகளில் பிரதி எடுத்துக் கொடுத்தாள். கல்யாண வீடியோ கிழிந்த துணி மாதிரிதான் கிடைத்தது. தாலி கட்டும் இடம் சாம்பலாகிவிட்டது, சாப்பாட்டுப் பந்தி மட்டும் முழுசாக இருந்தது. அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்ல பாதிதான் தப்பித்திருக்கிறது என்று சொன்னார்களாம்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் நாத்தனார் டாக்டரம்மாவைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அந்தக் குஞ்சு பொரிஞ்சிச்சா இல்லையான்னு நாம கேக்கவே இல்ல அண்ணி. எனக்குத் தூக்கமே வரல."

கண்ணாடிக்காரர் அவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்துவந்து, அளவு பார்க்க வந்திருந்தவரை அப்படியே உட்காரவைத்துவிட்டு, பின்னறைக்கு அழைத்துப்போனார். ஜன்னலோரத் தொட்டியில் வெயில் விழுந்திருந்தது. அதில் நூல் துண்டுகள் மாதிரி குஞ்சு மீன்கள், எண்ண முடியாத அளவுக்கு, ஒரே கூட்டமாகத் திரும்பி ஒரே கூட்டமாக நின்றன.

"பொரிஞ்சிடுச்சு, இதுலதான் விட்டேன்" என்றார்.

"எது?" என்று நாத்தனார் தொட்டியில் மூக்கை ஒட்டினாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதாம்மா எனக்கே தெரியல. மத்ததோட சேந்துடுச்சு. எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு."

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். இன்னும் நிறம் ஏறாத அந்த உடம்புகளில், செவுளுக்குப் பக்கத்தில், வெயில் சரியாக விழுகிற நொடியில் மட்டும், ஊசிமுனை அளவுக்குச் சிவப்பாக ஒன்று படபடத்தது. இதில் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலிருந்ததிலும் தெரிந்தது. கண் பழகப் பழகத் தொட்டி முழுக்கத் தெரிந்தது.

முன்னறையிலிருந்து, அளவு பார்க்க வந்தவர் ஏதோ கேட்டுக் குரல் கொடுத்தார். மூவரில் ஒருவரும் திரும்பவில்லை.